நாங்கள் போப்பாண்டவரைப் பார்த்த கதை

என் கணவர் சவரிராஜ் முழங்காலில் நின்றுகொண்டிருந்தார். ரோமில், ஒரு மாபெரும் கோயிலின் பளிங்குத் தரையில். கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக வழிந்து சட்டைக் காலரை நனைத்தது. அவருக்கு எதிரே வெள்ளை அங்கியும் வெள்ளைத் தொப்பியுமாக ஒரு பருத்த மனிதர் திருதிருவென்று விழித்தபடி நின்றார்.

அந்த மனிதர் என்னைப் பார்த்தார். நான் அவருடைய பூட்ஸைப் பார்த்தேன். பூட்ஸ் முழுக்கச் சுண்ணாம்பு.

தொப்பியைப் பார்த்தேன். செய்தித்தாளை மடித்துச் செய்த தொப்பி. நெற்றிக்கு நேர் மேலே ஒரு சைக்கிள் விளம்பரம் தலைகீழாகத் தெரிந்தது.

எங்கள் ஐரோப்பிய விடுமுறையின் கடைசி நாள் அது, ஒரு புதன்கிழமை. மதியம் நேப்பிள்ஸுக்கு ரயில், சாயங்காலம் அங்கிருந்து கப்பல். நடுவில் மிச்சம் இருந்த காலைப்பொழுதில் போப்பாண்டவரைப் பார்த்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. என் கணவர் பார்த்தேவிட்டார் என்று அந்த நிமிஷம் அவரைத் தவிர உலகத்தில் யாரும் நம்பியிருக்க முடியாது.

பாய் முதலாளியின் உபயம்

ஜெர்மனியில் எங்களை விருந்தாளியாக வைத்திருந்த தோல் வியாபாரி வீட்டு நாயைப் பற்றியும், அங்கே மூன்று வேளையும் போட்ட உருளைக்கிழங்கைப் பற்றியும் போன இரண்டு வாரங்கள் எழுதித் தீர்த்துவிட்டேன். "நாய்க்கு இத்தனை பக்கமா?" என்று ஒரு வாசகர் கோபித்துக்கொண்டு கார்டு போட்டிருக்கிறார். அந்த வீட்டில் அந்த நாய்க்குத் தனிக் கட்டில் இருந்தது. எங்களுக்கு இருந்த கட்டிலை விட அகலமானது. இத்துடன் நாயை விட்டுவிடுகிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. என் கணவர் திண்டுக்கல் பேகம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் மானேஜராக இருந்தார். தோல் பதனிடும் இடத்தை எங்கள் ஊரில் ஷாப் என்றுதான் சொல்வோம். அதன் முதலாளியை எல்லோரும் பாய் முதலாளி என்பார்கள். அவரிடம் தோல் வாங்கும் ஜெர்மன் துரை, வருஷா வருஷம் அவரைத் தன் ஊருக்கு அழைத்துக்கொண்டே இருந்தார். பாய் முதலாளிக்குக் கப்பல் என்றால் பயம். மதுரைக்கு மேல் போனால் தூக்கம் வராது என்பார்.

துரையும் அவர் மனைவியும் ஒரு தடவை திண்டுக்கல் வந்தபோது எங்கள் வீட்டில் சாப்பிட்டார்கள். அந்த அம்மாள் என் மீன் குழம்பைச் சாப்பிட்டுக் கண்ணீர் விட்டார். காரத்தினால்தான். ஆனால் அது பாசம் என்று இவர் எடுத்துக்கொண்டார். அடுத்த வருஷம் அழைப்பு இரண்டு பேருக்கும் சேர்த்து வந்தது.

"நீங்களே போயிட்டு வாங்க சவரி," என்றார் பாய் முதலாளி. "எனக்குப் பதிலா நீங்க. துரை மனசு கோணாம நடந்துக்கங்க. ரோமாபுரி வழியாத்தான வாரீங்க? உங்க போப்பாண்டவரைப் பாத்தா எனக்கும் சேத்து ஒரு துவா கேட்டுட்டு வாங்க."

அன்று மாலைக்குள் பேகம்பூர் முதல் மேட்டுப்பட்டி வரை செய்தி பரவிவிட்டது. துரை வீட்டுக்குப் போவதை யாரும் பொருட்படுத்தவில்லை. சவரிராஜ் போப்பாண்டவரைப் பார்க்கப் போகிறான் என்பதுதான் பேச்சு.

அத்தையின் செபமாலை

என் மாமியார் அன்னம்மாளை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். நாங்கள் புறப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அதிலிருந்து படுக்கைதான். நாள் முழுக்க ஓடியாடித் தெருவையே அதட்டிக்கொண்டிருந்த மனுஷி. படுத்த பிறகு பேச்சே குறைந்து போயிற்று. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. மாமியார் திட்டவில்லையே என்று கவலைப்பட்ட ஒரே மருமகள் நானாகத்தான் இருப்பேன்.

புறப்படும் அன்று தலையணைக்கு அடியிலிருந்து கறுத்த மணிகள் கோத்த செபமாலையை எடுத்து மகன் கையில் வைத்தார்.

"இதுல அவரு கை பட்டாப் போதும்ப்பு. அடுத்த திருவிழாவுக்குக் கோயிலுக்கு நடந்து போகணும் எனக்கு. தூக்கிட்டுப் போக விட மாட்டேன்."

இவர் கண் கலங்கி நின்றார். அத்தை என்னைக் கிட்டே கூப்பிட்டுக் காதோடு சொன்னார்.

"ஏத்தா செசிலி, இவன் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டான். போப்பாண்டவரு பாவம், வயசான மனுசன். நீ பாத்து இழுத்துக்கிட்டு வந்துரு."

படுக்கையில் விழுந்த பிறகு அவர் பேசிய ஒரே கேலிப் பேச்சு அது. அதற்காகவே நான் ரோமுக்கு நடந்தே போயிருப்பேன்.

கண்ணாடி

இவருக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே நிற்பது மாடா மச்சானா என்று தெரியாது. அந்தக் கண்ணாடி ஜெர்மனியிலிருந்து ரோமுக்கு வரும் ரயிலில் உடைந்துவிட்டது.

உடைந்துவிட்டது என்றே இத்தனை வருஷம் சொல்லி வந்திருக்கிறேன். இவர் இப்போது இல்லை. அதனால் உள்ளதைச் சொல்லலாம். இருக்கையில் கழற்றி வைத்திருந்த கண்ணாடியின் மேல் நான் உட்கார்ந்தேன். மூன்று வாரம் துரை வீட்டு வெண்ணெய் சாப்பிட்ட பிறகு உட்கார்ந்தேன். அதற்குமேல் அந்தக் கண்ணாடிக்கு வழியே இருக்கவில்லை.

ரோமில் எங்களுக்குத் தெரிந்தவர் ஒரே ஒருவர். எங்கள் ஊர்ப் பக்கம் அகரத்தில் தக்காளி போடுகிற குடும்பத்திலிருந்து சாமியாராகி, மேல்படிப்புக்கு ரோமுக்குப் போனவர். அவர்தான் போப்பாண்டவரைப் பார்க்க அனுமதிச் சீட்டு வாங்கி வைத்திருந்தார். கடிதத்தில் தெளிவாக எழுதியிருந்தார். "பெரிய கோயில். முன்னால் உயரமான ஒற்றைக்கல் தூண் நிற்கும். தூணடியில் ஒன்பது மணிக்குக் காத்திருப்பேன்."

தெளிவாகத்தான் எழுதியிருந்தார். ஆனால் ரோமில் பெரிய கோயிலுக்கும் பஞ்சமில்லை, ஒற்றைக்கல் தூணுக்கும் பஞ்சமில்லை என்பதை எழுத மறந்துவிட்டார்.

"போப்? போப் கோயில்?" என்று டிராம் கண்டக்டரிடம் இவர் கேட்டார். அந்த ஆள் தலையைப் பலமாக ஆட்டி எங்களை ஏற்றிக்கொண்டார். இறக்கிவிட்ட இடத்தில் பெரிய கோயில் இருந்தது. ஒற்றைக்கல் தூணும் இருந்தது. அகரத்துச் சாமியார்தான் இல்லை.

"எங்க, ஒருத்தரையும் காணோமே. கூட்டம் இருக்கணும்ல?" என்றேன்.

"உள்ள இருப்பாங்க. ஒனக்கு எதுலயும் சந்தேகம்."

அரை மணி நேரம் தூணடியில் நின்றுவிட்டு உள்ளே போனோம். அங்கங்கே நாலைந்து கிழவிகள் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கூரைவரை சாரம் கட்டியிருந்தது.

"பாத்தியா?" என்றார் இவர், சாரத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து. "சிம்மாசனத்துக்கு மேடை போட்டிருக்காங்க."

நான் வாயைத் திறக்கவில்லை. முதலில், நானும் அதற்குமுன் போப்பாண்டவர் உட்காரும் இடத்தைப் பார்த்தவள் இல்லை. இரண்டாவது, கண்ணாடி விஷயத்தில் அன்று எனக்குப் பேச உரிமை இல்லை.

அந்த இரண்டு நிமிஷம்

பதினோரு மணி இருக்கும். சாரத்தின் அடியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்த ஆட்கள் திடீரென்று எழுந்து நின்றார்கள். பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு கறுப்புக் கோட்டுப் போட்ட இரண்டு பேர் வந்தார்கள். அவர்களுக்கு நடுவே கணுக்கால்வரை தொங்கும் வெள்ளை அங்கியில் அந்தப் பருத்த மனிதர், மேலே கையைக் காட்டி ஏதோ விளக்கிக்கொண்டே வந்தார்.

"வந்துட்டாரு!" என்றார் இவர்.

நான் தடுப்பதற்குள் பாய்ந்து போய் அவர் வழியில் முழங்காலிட்டுவிட்டார். செபமாலையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். "பரிசுத்த பிதாவே," என்று தமிழிலேயே ஆரம்பித்தார். "திண்டுக்கல்... எங்க அம்மா... கெணத்தடியில விழுந்து..." அழ ஆரம்பித்துவிட்டார்.

கல்யாணமாகி ஆறு வருஷம். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தாய்க்கு இடுப்பு முறிந்தபோதுகூட ஆஸ்பத்திரியில் டாக்டருக்கே யோசனை சொல்லிக்கொண்டு நின்ற மனிதர். இத்தனை மாதம் அவர் பேசிய பேச்செல்லாம் எதை மூடி வைக்க என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அந்த வெள்ளை அங்கிக்காரர் ஓர் அடி பின்னால் போனார். கறுப்புக் கோட்டு ஆசாமிகளில் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றான். வேலையாட்கள் ரொட்டியை மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அந்த மனிதர் என்னைப் பார்த்தார். என்ன செய்வது என்று கேட்கிற பார்வை.

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். வேறென்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை.

அவருக்கு என்ன புரிந்ததோ. சிரித்துக்கொண்டிருந்தவனைப் பார்த்து ஒரு வார்த்தை சுள்ளென்று சொன்னார். அவன் சிரிப்பு நின்றது. பிறகு வலது கையை அங்கியில் நன்றாகத் துடைத்தார். குனிந்து, எண்ணெய் தேய்த்துப் படிய வாரியிருந்த என் கணவரின் தலையில் கையை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக ஏதோ சொன்னார். செபமாலையை வாங்கி முத்தமிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இவர் அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

துடைத்த பிறகும் அந்தக் கையில் சுண்ணாம்பு மிச்சம் இருந்திருக்கிறது. இவர் எழுந்தபோது தலையில் ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்திருந்தது.

வெளியே வந்ததும் இவர் எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். கேட்காமலே வாங்கிக் கொடுத்தது அதுதான் முதலும் கடைசியும்.

சொல்லியிருக்கலாம். அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் இந்த மனிதர் வேறு கோயிலைத் தேடி ஓடுவார், கப்பல் எங்களை விட்டுவிட்டுப் போகும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதி உண்மை, அந்த ஐஸ்கிரீம் ரொம்ப நன்றாக இருந்தது.

கப்பலில் கன்னியாஸ்திரீகள்

நேப்பிள்ஸ் ரயிலில் ஆரம்பித்தவர் ஓயவே இல்லை.

"என்னா எளிமை பாத்தியா செசிலி! படாடோபமே இல்ல. கையி எம்புட்டுச் சொரசொரப்பு தெரியுமா? உழைச்ச கையி. கிட்டப் போனா நம்ம வீட்டுக்கு வெள்ளையடிச்சப்ப வருமே, அந்த மாதிரி ஒரு வாசம். பரிசுத்தம்னா அதுதான்."

நான் ஜன்னல் வழியாகத் திராட்சைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

கப்பலில் கோவாவைச் சேர்ந்த கன்னியாஸ்திரீகள் ஏழு பேர் இருந்தார்கள். சாப்பாட்டு மேஜையில் இரண்டாம் நாளே இவர் கதையைச் சொல்லிவிட்டார். அந்தச் சிஸ்டர்களும் அதே புதன்கிழமை போப்பாண்டவரைப் பார்த்துவிட்டுத்தான் கப்பல் ஏறியிருந்தார்கள்.

"எங்களுக்குக் கிட்டே போகவே முடியவில்லை," என்றார் மூத்த சிஸ்டர் ஆங்கிலத்தில். "ஆயிரக்கணக்கில் கூட்டம். நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். தலைக்கு மேலே ஒரு வெள்ளைப் புள்ளிதான் தெரிந்தது."

"எங்களிடம் நடந்தே வந்தார்," என்றார் இவர். "தலையில் கை வைத்தார்."

ஏழு பேரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள்.

அன்றிலிருந்து இவருக்குக் கப்பலில் தனி மரியாதை. வெயிலில் நாற்காலி போட இடம் விட்டார்கள். சூயஸ் தாண்டியதும் கடல் கொந்தளித்து இளம் சிஸ்டர் ஒருத்தி வாந்தியெடுத்துச் சுருண்டு படுத்துவிட்டாள். மூத்தவர் வந்து, "போப்பாண்டவரின் கையைப் பிடித்தவர் நீங்கள். அந்தக் கையைக் கொஞ்சம் அவள் தலையில் வையுங்கள்," என்று கேட்டார்.

இவர் மறுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கையை வைத்தார். ரோமில் அந்த மனிதர் வைத்தது போலவே வைத்தார். அந்தப் பெண் உடனே எழுந்து உட்கார்ந்தாள். எல்லோரும் "ஆ!" என்றார்கள். அவள் இவருடைய ஒரே நல்ல கால்சட்டையின் மேல் வாந்தியெடுத்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டாள்.

கால்சட்டையை அலசும்போதே முடிவு செய்துவிட்டேன். இதற்குமேல் தாங்காது. ஊர் போய்ச் சேருவதற்குள் இவர் கையில் எண்ணெய் தடவி விளக்கேற்றி வைத்துவிடுவார்கள்.

நான் பேச்சை எடுக்கும் முன் இவரே வந்தார். ஏடன் தாண்டிய காலை. மேல்தட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். முகம் சரியில்லை.

"செசிலி. அந்தச் சிஸ்டரு நாற்காலியில தூக்கிட்டு வந்தாங்கன்னு சொல்றாங்க. ஒரே நாளு. ஒரே நேரம். ஒனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்ல?"

"தெரியும்."

"யாரு அது?"

சொன்னேன். பூட்ஸ், காகிதத் தொப்பி, சாரம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியின் மேல் உட்கார்ந்ததை மட்டும் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஓர் உண்மை போதும்.

"பாத்துக்கிட்டே நின்னியா? நான் அழுகுறத பாத்துக்கிட்டே நின்னியா?"

"நீங்க அழுததாலதான் சொல்லல."

அவர் உள்ளே போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ரொட்டியும் தண்ணீருமாகக் கிடந்தார். கடல் அமைதியாக இருந்தது. நான்தான் தவித்துப் போனேன். பேசாத சவரிராஜை எனக்குப் பழக்கமில்லை. மூன்றாம் நாள் காலை பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"வெறும் வெள்ளையடிக்கிற ஆளா?"

"இல்லங்க. மேஸ்திரி மாதிரி இருந்துச்சு. மத்த ஆளுங்க அவரப் பாத்துத்தான எந்திரிச்சாங்க."

"மேஸ்திரியா," என்றார். "அதுவரைக்கும் சரி."

பிறகு அவரே சொன்னார். "அகரத்துச் சாமியாரு நம்மளக் காணோம்னு கண்டிப்பா ஊருக்கு எழுதியிருப்பாரு. ஏரோப்ளேன்ல போற தபாலு நமக்கு முன்னாடி போயிரும். நம்ம பங்குச் சாமிகிட்ட லெட்டர் இருக்கும். எறங்கின ஒடனே உண்மையச் சொல்லிர்றேன். மொதல்ல அம்மாட்ட. அப்புறம் ஊருக்கு. சிரிச்சா சிரிக்கட்டும்."

அந்தக் காலை அவரை எனக்கு ரொம்பப் பிடித்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. தலை கனத்துப் போகும்.

திண்டுக்கல் ஸ்டேஷன்

பம்பாயில் இறங்கி, சென்னை வந்து, அங்கிருந்து ரயில். திண்டுக்கல் மலைக்கோட்டை தூரத்தில் தெரிந்ததும் இவர் சட்டையை மாற்றிக்கொண்டார். பம்பாயில் புதுக் கண்ணாடி வாங்கியிருந்தோம். அதைத் துடைத்துத் துடைத்து மாட்டினார். சொல்லப்போகும் வார்த்தைகளை உதட்டுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார்.

பிளாட்பாரத்தில் பேண்டு வாத்தியம். நாலு பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தோம். எங்கள் கோயிலைச் சேர்ந்த பங்கு மக்கள் மொத்தமும் வந்திருந்தார்கள். தோல் ஷாப் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். பாய் முதலாளி பூமாலையோடு முன்னால் நின்றார். அவர் பக்கத்தில் பங்குச் சாமியார். அவருடைய அங்கியின் பையில், நீலக் கோடு போட்ட விமானத் தபால் உறை ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

இவரும் பார்த்துவிட்டார். புதுக் கண்ணாடி நன்றாக வேலை செய்தது.

"சாமி, நான் ஒண்ணு சொல்லணும்..." என்று ஆரம்பித்தார்.

அப்போது கூட்டம் விலகியது. ஷாப் ஆட்கள் இரண்டு பேர் ஒரு பிரம்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாற்காலியில் அத்தை. எத்தனையோ மாதமாகக் கட்டிலை விட்டு இறங்காதவர், தூக்கிட்டுப் போக விட மாட்டேன் என்று சொன்னவர், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டேஷன்வரை வந்திருந்தார். முகம் வியர்த்துக் கொட்டியது.

இவர் அவர் காலடியில் போய் உட்கார்ந்தார். அத்தை இரண்டு கையாலும் மகன் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"இங்கனயாப்பு வச்சாரு?"

ஜெர்மனியிலிருந்து துரை அம்மாள் பாய் முதலாளிக்கு எழுதிய கடிதத்தில், நாங்கள் புதன்கிழமை போப்பாண்டவரைப் பார்க்கப் போகிற செய்தி வந்திருக்கிறது. மீதியை ஊரே கற்பனை செய்துகொண்டது. தலையில் கை வைக்காமல் யாராவது ஆசீர்வாதம் செய்வார்களா?

இவர் பங்குச் சாமியாரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டேன்.

"ஆமாம்மா. இங்கதான் வச்சாரு."

பங்குச் சாமியார் அந்த உறையை விரலால் பைக்குள் தள்ளினார். பேண்டுக்காரர்கள் பக்கம் திரும்பி, "என்னய்யா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? வாசிங்க," என்றார்.

அத்தை கண்டுபிடித்தது

அந்த வாரக் கடைசியில் இவர் சாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்ளப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். சாமியார் என்ன சொன்னார் என்று கடைசிவரை சொல்லவில்லை. அதற்கப்புறம் ஆறு மாதம் விடியற்காலைப் பூசைக்குத் தவறாமல் போய்வந்தார். அதிலிருந்து அபராதம் எவ்வளவு என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டேன். நானும் நடந்ததைச் சொன்னபோது, டிராம் கண்டக்டர் பொய் சொல்லவில்லை என்று மட்டும் சாமியார் எனக்குத் தனியாகச் சொன்னார். ரோம் நகரத்து ஆயர் என்ற முறையில் போப்பாண்டவருடைய சொந்தக் கோயில் நாங்கள் போனதுதானாம்; குடியிருப்பதும் ஜனங்களைப் பார்ப்பதும் வேறு பெரிய கோயிலிலாம். அவர் அன்று வீட்டில் இல்லை, அவ்வளவுதான்.

வந்து பத்து நாள் ஆகியிருக்கும். அத்தைக்கு இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். இவர் ஷாப்புக்குப் போயிருந்தார்.

"செசிலி. அங்க என்னா நடந்துச்சு?"

"எங்க, அத்தை?"

"ரோமாபுரியில. என் மகன் ஒரு கலரு சோடா வாங்கிக் குடிச்சாலே ஒரு மணி நேரம் கதை சொல்லுவான். போப்பாண்டவரப் பாத்துட்டு வந்து நாலே வார்த்தையோட நிறுத்திட்டான். எனக்கு இடுப்புதான் ஒடஞ்சிருக்கு. மண்டை நல்லாத்தான் இருக்கு."

என்னால் அவரிடம் மறைக்க முடியவில்லை. சொன்னேன். சாரத்தைச் சிம்மாசன மேடை என்று இவர் சொன்னதில் ஆரம்பித்து, சுண்ணாம்பு விரல் ஐந்தும் தலையில் பதிந்ததுவரை சொன்னேன்.

அத்தை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பதறி எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் வராமல், வாய் திறந்து, கண்ணில் நீர் வழிய.

"கொத்தனாரா?"

"மேஸ்திரி, அத்தை."

"அடியே, போதும்டி. இடுப்பு விட்டுப் போகுது." மூச்சு வாங்கினார். "அந்த மனுசன் கையத் தொடச்சிட்டா வச்சாரு?"

"ஆமா. நல்லாத் தொடச்சாரு."

"நல்ல ஆளுதான்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் குலுங்க ஆரம்பித்தார். "அவன்ட்ட சொல்லிராத. எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரிய வேணாம்."

அன்று சாயங்காலமே அத்தை என்னைத் திட்டினார். தைலத்தைச் சேலையில் சிந்திவிட்டேனாம். நான் அடுப்படியில் போய் நின்று சந்தோஷப்பட்டேன்.

தண்ணீர் விசாரணை

ஈஸ்டருக்கு முன்னால் வரும் அடுத்த தபசு காலத்துக்குள் அத்தை கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்தார். போப்பாண்டவர் ஆசீர்வாதம் என்றது ஊர். தன் வைத்தியம் என்றார் டாக்டர். அத்தை இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு நடந்தார். திருவிழாவுக்குக் கோயிலுக்கும் நடந்துதான் போனார்.

ஆனால் மகனை மட்டும் அவர் விடவே இல்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் ரோம் கதையை எடுத்தார். இவர் "அதெல்லாம் இப்ப எதுக்கும்மா" என்று நழுவப் பார்ப்பார். உடனே அத்தையே சொல்ல ஆரம்பிப்பார். ஒவ்வொரு தடவையும் கதை ஓர் அங்குலம் வளர்ந்தது. போப்பாண்டவர் தோல் வியாபாரத்தை விசாரித்தார். பாய் முதலாளியின் சர்க்கரை வியாதிக்காக வருந்தினார். இவர் நெளிவார், புழுங்குவார், ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் ஷாப்பில் வேலை இருக்கிறது என்று சைக்கிளை எடுப்பார். தாயிடம் ஒரு தடவை சொன்ன பொய்யை இந்த மனிதர் எத்தனை தடவை விழுங்கினார் என்பதற்குக் கணக்கே இல்லை.

ஒரு கோடையில், பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த சிஸ்டர்கள் இரண்டு பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஊரில் தண்ணீர்ப் பஞ்சம். பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்த நேரம். காப்பி கொடுத்தேன். அத்தை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, முகத்தைப் பக்தியாக வைத்துக்கொண்டார்.

"ஏலே சவரி. போப்பாண்டவரு நம்மூருத் தண்ணிக் கஷ்டத்தப் பத்தி ஒன்ட்ட என்னா கேட்டாரு? சிஸ்டருங்களுக்குச் சொல்லு."

இவர் என்னைப் பார்த்தார். நான் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டேன். சிஸ்டர்கள் இருவரும் நாற்காலி நுனிக்கு வந்து உட்கார்ந்தார்கள்.

"சொல்லுலே."

இவர் கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியில் துடைத்தார்.

"கொழாயில எத்தன நாளைக்கு ஒருக்கா தண்ணி வருதுன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றார் ஒரு சிஸ்டர்.

"வாரத்துக்கு ஒருக்கான்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"ரொம்ப வருத்தப்பட்டாரு," என்றார் என் கணவர்.

அத்தை சேலைத் தலைப்பை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். உடம்பு குலுங்கியது. சிஸ்டர்கள் இருவரும் எழுந்து ஓடி, அழாதீர்கள் அம்மா, ஆண்டவர் மழை கொடுப்பார் என்று அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.